எரிக் லிடெல் நான்காவதாக வந்திருந்தால்?

வாலிபர் கூடுகையில் யார் விளையாட்டைப் பற்றிப் பேசினாலும் பத்து நிமிஷத்துக்குள் எரிக் லிடெல் வந்துவிடுவார். ஸ்காட்லாந்துக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், அவர் ஜெயிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்த 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று விலகிவிட்டார். பதிலாக 400 மீட்டர் ஓடி, 47.6 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். இந்தக் கதையை வைத்து 1981ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படம் ஆஸ்கர்கூட வாங்கியது.

கதை உண்மைதான். நம் ஆட்கள் அதைச் சொல்லும் விதத்தில்தான் எனக்குத் தகராறு. "கர்த்தருக்காக நூறை விட்டார், கர்த்தர் நானூறைக் கொடுத்தார்!" உடனே கைதட்டல். ஏதோ டெபாசிட் போட்டு வட்டியோடு திரும்ப எடுத்த மாதிரி. (பி.காம். படிக்கிறவன் புத்தி இப்படித்தான் போகும், மன்னிக்கவும் :) )

போட்டி அட்டவணை அவருக்குப் பல மாதங்கள் முன்பே தெரியும். முடிவும் அப்போதே எடுத்ததுதான். அந்த முடிவில் எந்தத் தங்கமும் கிடையாது. சரி, 400 மீட்டரில் அவர் நான்காவதாக வந்திருந்தால்? மனிதர் அதே மனிதர், குணம் அதே குணம். ஆனால் நாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்போமா? மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் நாம் மெச்சுவது மெடலை. குணம் அதன்மேல் தூவிய கொத்தமல்லி.

ஜெயிக்காத ஒரு கதை சொல்கிறேன். பிப்ரவரி 1980, பம்பாய், இங்கிலாந்துக்கு எதிரான ஜூபிலி டெஸ்ட். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட். பாப் டெய்லருக்கு கீப்பர் கேட்ச் என்று அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து பேட்டில் படவில்லை என்பது நம் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்குத் தெரியும். அம்பயரிடம் பேசி டெய்லரைத் திரும்ப ஆடவைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் அடித்தார்கள். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. கேப்டனாக விஸ்வநாத்துக்கு அதுவே கடைசி டெஸ்ட். வட்டியும் வரவில்லை, அசலும் வரவில்லை. அவர் கிறிஸ்தவரும் இல்லை. நல்ல குணம் சபை ரிஜிஸ்டரில் பேர் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த மேட்ச்சைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

வேதாகமத்தில் சாமுவேல் ஈசாயின் வீட்டுக்கு ராஜாவைத் தேடிப் போகிறார். மூத்தவன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து 'இவன்தான்' என்று நினைக்கிறார். மனிதன் முகத்தைப் பார்க்கிறான், நான் இருதயத்தைப் பார்க்கிறேன் என்று கர்த்தர் அவரைத் திருத்துகிறார். ஏற்கெனவே எல்லாரையும்விட உயரமான சவுலை ராஜாவாக்கிப் பட்டதெல்லாம் போதும் போல. (அடுத்த சில வசனங்களிலேயே தாவீதும் பார்க்க அழகானவன் என்று எழுதியிருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

இது எங்கள் பக்கத்தில் வெறும் ஞாயிறு பள்ளிப் பாடம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பெரும்பாலான கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் வார லீவு, அதனால் அதுதான் மேட்ச் நாளும். கட்டடம் வராத பிளாட்டில் எல்லாம் டென்னிஸ் பால் டோர்னமெண்ட். சபைகளும் கோப்பை நடத்துகின்றன. நான் பார்த்த ஒரு சபைப் போட்டியில், அந்தச் சபைப் படியைக்கூட மிதிக்காத ஒரு பவுலர் வேறொரு பையன் பேரில் ஆடினான். ஒரு கம்பெனி டீமின் ஓப்பனிங் பவுலர் அவன் என்று மைதானத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். பேரை இரவல் கொடுத்த பையன் வருஷம் முழுக்க பிராக்டீஸுக்கு வந்தவன். அன்றைக்கு பவுண்டரி ஓரமாகத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் ஜெபம் பண்ணி கோப்பையை வாங்கினார்கள்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். பெரிய அளவில் இது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். செப்டம்பர் 2023ல் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்து பரிசோதனை அதிகாரிகள் வந்தார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓடியது ஒரே ஒருவர். மற்றவர்கள் மாயம். அந்த வருஷம் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213ல் தடைசெய்த மருந்து இருந்தது.

அவர்களை எல்லாம் அயோக்கியர்கள் என்று முடித்துவிட எனக்கு மனசில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட், அதற்குப்பின் ஒரு அரசாங்க வேலை. அப்பா காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கும் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வகுப்பில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உன் மதிப்பு உன் விநாடிக் கணக்குதான் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன், அந்த விநாடிக்காக ஊசி போட்டுக்கொள்கிறான். ஓட்டம் நின்றாலும் நீ எங்களுக்கு வேண்டியவன்தான் என்று அவனிடம் சொல்ல ஒரு இடம் வேண்டாமா? அந்த இடம் சபை இல்லையென்றால் வேறு எது? சபையும் கோப்பையைத்தான் எண்ணுகிறது என்றால் அவன் எங்கே போவான்?

அதற்காகத் திறமை அற்பம், உடம்பு அற்பம் என்று சொல்லவில்லை. உடம்பும் ஆண்டவர் கொடுத்ததுதான். கூடைப்பந்தை 1891ல் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்து 55 வெற்றி, 60 தோல்வி. அங்கே வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே கூடைப்பந்து கோச் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவரேதான்! நம்ம சென்னையிலும் 1920ல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றைக்கும் இருக்கிறது. லிடெல் ஓடிய அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேனேஜராகப் போனவர் இந்த பக். உடம்பு, மனசு, ஆவி மூன்றும் சேர்ந்ததுதான் மனிதன் என்பது ஒய்.எம்.சி.ஏ.யின் முக்கோணம். நாம் ஒரு பக்கத்தை மட்டும் டேப் வைத்து அளக்கிறோம்.

மற்ற இரண்டையும் அளப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அக்கவுண்டன்சியில்கூட ஒரு கம்பெனி தானாகச் சம்பாதித்த குட்வில்லை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. ஏ.எஸ். 26 அனுமதிக்காது. அதற்காகக் கடைக்காரர் யாரும் அது இல்லை என்று நினைப்பதில்லை.

லிடெல் கதையின் மிச்சத்தைக் கூடுகைகளில் நான் கேட்டதே இல்லை. 1925ல் மிஷனரியாக சீனாவுக்குப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் அவரை வெய்சியென் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பிள்ளைகள் நடுவர் இல்லாமல் தாங்களே ஹாக்கி ஆடி, கடைசியில் அடிதடியானது. அடுத்த ஞாயிறு லிடெல் விசிலோடு வந்து நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக மீறாத ஓய்வுநாளை, சண்டை போட்ட பிள்ளைகளுக்காக மீறினார். பிப்ரவரி 1945ல், 43 வயதில், மூளைக்கட்டியால் அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

அடுத்த கூடுகையில் லிடெலைப் பற்றிப் பேசப்போகும் அண்ணன்மார் யாராவது இதைப் படித்தால், இந்த ஹாக்கி மேட்ச்சிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அப்படியே சாட்சி சொல்ல, கோப்பை வாங்கிய கேப்டனோடு தண்ணீர் பாட்டில் தூக்கிய பையனையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்.