நாய் வளர்க்குமுன் ஒரு கணக்கு



கடந்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலைத் திருப்பலிக்காக வெளிக்கதவைத் திறக்கச் சென்ற உபதேசியார், சென்ற வேகத்திலேயே திரும்பி வந்தார். “சாமி, கேட்டில் யாரோ ஒரு நாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்” என்றார். சென்று பார்த்தோம். இளம் பழுப்பு நிறத்தில் ஒரு லேப்ரடார் நாய். இரண்டு வயதிருக்கலாம். அதன் அருகே ஒரு எவர்சில்வர் தட்டு, பாதி தீர்ந்த தீவனப் பை, துவைத்து மடித்த பழைய போர்வை. கட்டிவிட்டுப் போனவர் வெறுப்பினால் போகவில்லை என்பதை அந்தப் போர்வையே சொல்லிற்று.

மூன்று நாள் அந்த நாய் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமே முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தது. ஒவ்வொரு ஸ்கூட்டர் ஓசைக்கும் தலையைத் தூக்கியது. சோற்றைத் தொடவில்லை. நான்காம் நாள்தான் சிறிது தண்ணீர் குடித்தது. திருப்பலிக்கு வந்த சிறுவர்கள் அதற்கு ‘லக்கி’ என்று பெயரிட்டார்கள். அதிர்ஷ்டம் என்று பொருள்படும் அந்தப் பெயரைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பதா, வருந்துவதா என்று விளங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் அலுவலக அறைக்கு வந்து அமர்ந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஃபாதர், அந்த நாய் எங்களுடையது” என்றார். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட செய்தியன்று. “பெயர் போடாமல் எழுதுங்கள், நாலு குடும்பத்திற்காவது உதவட்டும்” என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகின்றோம்.

மகனுடைய புதுநன்மைக்குப் பரிசாக 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய குட்டி அது. பீர்க்கன்கரணை ஏரிக்கு அப்பால் முதல் மாடியில் வாடகைக் குடித்தனம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். வாங்கிய இரண்டாம் வாரமே குட்டிக்குப் பார்வோ நோய் கண்டது. இரத்தமாகக் கழிந்தது. ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றியதில் 9,000 ரூபாய் கரைந்தது. பிழைத்த குட்டி ஆறே மாதத்தில் ஆளுயரத்திற்குத் தாவியது. பகலெல்லாம் தனியே கிடந்து குரைத்தது. செருப்பு, மெத்தை, மின்கம்பி எதையும் விட்டுவைக்கவில்லை. கீழ்வீட்டார் முறையிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு மாதத் தவணை கொடுத்தார்: நாய் போக வேண்டும், அல்லது நீங்கள் போக வேண்டும். அதே மாதத்தில் கணவருக்கு வேலை போயிற்று.

“தெருவில் விட மனம் வரவில்லை, ஃபாதர். கோவிலில் விட்டால் பசியாறும் என்று நினைத்தோம்” என்று கண்ணீர் விட்டார் அந்தத் தாய். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு நாவெழவில்லை. ஏன் எழவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கின்றோம்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் மக்களுக்கு எடுத்துச் சொன்னதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கின்றோம். வீடு கட்டுமுன் கணக்குப் பார்க்கிறோம். பெண்ணுக்குத் திருமணம் பேசுமுன் கணக்குப் பார்க்கிறோம். பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டு நம்மோடு வாழப்போகும் ஓர் உயிரை மட்டும், பிள்ளை அழுதான் என்பதற்காக ஒரு மாலைப் பொழுதில் வாங்கிவிடுகிறோம்.

லக்கி நம் இல்லத்திற்கு வந்த நாள்முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதன் செலவை எழுதி வருகின்றோம். பங்குப் பணத்தில் ஒரு காசும் இதற்குத் தொடவில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகின்றோம். எல்லாம் நமது மாதப் படியிலிருந்துதான். சோறு, இரண்டு முட்டை, கோழி இறைச்சி, சிறிது காய் என நாளொன்றுக்கு 100 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 36,500 ரூபாய். தடுப்பூசிகள், பூச்சி மாத்திரை, உண்ணி மருந்து, இருமுறை வந்த தோல் நோய், ஆட்டோ வாடகை ஆகியவை சேர்ந்து இன்னொரு 9,000 ரூபாய். ஆக ஓராண்டுக்கு 45,500. இது சிக்கனமான கணக்கு. கடையில் விற்கும் தீவனம் மட்டுமே கொடுப்பதானால் இன்னும் கூடும். இதைப் பத்து ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பாருங்கள். 12,000 கொடுத்து வாங்கியதாக நாம் எண்ணும் நாய் உண்மையில் நாலரை இலட்சம் ரூபாய் பொறுப்பு.

நம் தெருவில் பிறக்கும் நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தால் செலவு பெருமளவு குறையும். அதற்கு நம் வெயில் பழக்கம், உணவும் குறைவு. பனி நாட்டில் வண்டியிழுக்கப் பிறந்த ஹஸ்கி நாயைத் தாம்பரத்துச் சித்திரை வெயிலில் வளர்ப்பது அதற்கும் துன்பம், மின்கட்டணம் செலுத்துபவருக்கும் துன்பம். ஆல்ப்ஸ் மலைக் கணவாயில், பனியில் வழிதப்பிய பயணிகளைக் காக்க அகுஸ்தீன் சபைத் துறவியர் வளர்த்த புனித பெர்னார்து நாய்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1800ஆம் ஆண்டில் பிறந்த பாரி என்னும் நாய் 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அந்த இனத்தின் அடர்ந்த உரோமம் அந்த மலைக்குத்தான் பொருந்தும். நம் ஊர் மொட்டை மாடிக்குப் பொருந்தாது. நம் நாட்டு இராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களும் ஓடி வாழப் பிறந்தவை. இரண்டு அறை வீட்டில் அவற்றை அடைத்துவைப்பது அன்பாகாது.

பணம் ஒரு பங்கு. மற்றொரு பங்கு நேரம். காலையும் மாலையும் அரைமணி நேரமாவது நடத்திச் செல்ல வேண்டும். அதன் கழிவை நாமே எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். அண்டை வீட்டு வாசல் நம் நாயின் கழிப்பிடமன்று. நோய் முற்றினால் சிறிய மருந்தகங்களால் இயலாமற் போகலாம். அப்போது 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் நம்மைப் போன்றோருக்குக் கதி. அது இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நாய் என்றதும் ஆட்டோக்காரர்கள் கையசைத்துவிட்டுப் போவதை லக்கியோடு சாலையோரம் நின்று கண்டோம்.

விடுமுறை வந்தால் புதிய சிக்கல். நம் பங்கில் பாதிக்குமேல் தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர், மே மாதம் ஊர், செப்டம்பரில் வேளாங்கண்ணி. நெடுந்தூர ரயிலில் நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டுமானால் முதல் வகுப்பு ஏ.சி. கூபேயை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். இரண்டும் இயலாதபோது யார் சோறு வைப்பார்? பணம் பெற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டு. அதுவும் ஒரு செலவே. மழைக்காலத்தையும் மறவாதீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது படகில் ஏறியோர் பட்ட பாட்டை நாம் அறிவோம். வெள்ளம் வந்தால் நாயை எங்கே கொண்டுபோவது என்பதும் இக்கணக்கில் சேர வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும்.

எல்லாவற்றிலும் பெரிய பொறுப்பு ரேபிஸ் எனும் வெறிநோய்த் தடுப்பூசி. 1885 ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தம் தடுப்பு மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். நம் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தோன்றியதும் இந்நோயை எதிர்க்கவே. ஆயினும் நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர் மிகமிக அரிது என்ற நிலை இன்றும் மாறவில்லை. ஆகவே குட்டிக்கு மூன்று மாதமானதும் முதல் ஊசி, பின்னர் மருத்துவர் கூறும் தவணைப்படி ஆண்டுதோறும் ஊசி. இதில் சிக்கனம் கூடாது. யாரையாவது எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ மிளகாயோ பூசாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். ஊசி அங்கே இலவசம். எல்லாத் தவணைகளையும் முடியுங்கள்.

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தி நம்மைப் பதறச் செய்தது. சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் நுண்சில்லையும் கட்டாயமாக்கியது. உரிமம் பெறாதோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. நம் பீர்க்கன்கரணை 2021முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. நாய் வைத்திருப்போர் நம் மண்டல அலுவலகத்தில் உரிமத்திற்கான விதிகளைக் கேட்டறிந்து நடப்பது கடமை.

சரி, வளர்க்க இயலவில்லை, விட்டுவிட்டால் என்ன? 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறை செய்பவருக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. ஐம்பது ரூபாய்க்குப் பயந்து யாரும் நிற்கப் போவதில்லை. நிறுத்த வேண்டியது மனச்சாட்சிதான். மெத்தையில் படுத்த நாய்க்குத் தெருவில் இரைதேடத் தெரியாது. தெரு நாய்கள் அதைத் தம் எல்லைக்குள் விடா. வண்டிக்குத் தப்பிக்கவும் அறியாது. கருத்தடை செய்யாத பெட்டையானால் அறுபத்துமூன்று நாளில் ஐந்தாறு குட்டிகள். அவற்றைக் கண்டு நாமே பின்னர்த் ‘தெருநாய்த் தொல்லை’ என்று மனுக் கொடுக்கிறோம்.

இப்போது நம் கதை. அந்தத் தாயைக் கடிந்துகொள்ள நாவெழாததன் காரணம் இதுவே.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குமுன் ஒரு சிற்றூர்ப் பங்கில் ‘மணி’ என்றொரு நாய் வளர்த்தோம். யாரோ கொடுத்த குட்டி. கணக்கு எதுவும் பார்க்கவில்லை. நாலரை ஆண்டு சென்றபின் மாற்றல் கடிதம் வந்தது. புதிய இடத்தில் நாய் வைக்க வசதியில்லை. புறப்படும் நாளன்று, “பார்த்துக்கொள்ளும்” என்று அவ்வூர் உபதேசியாரிடம் சங்கிலியைக் கொடுத்துவிட்டு வண்டியேறினோம். அவருக்கு நான்கு பிள்ளைகள்; கூலி வேலை. அவர் வீட்டில் நாய்க்குப் போடச் சோறு இருந்ததா என்று நாம் கேட்கவில்லை. சாமி சொன்னதை மறுக்க அவருக்கும் வாய் வரவில்லை.

மறு ஆண்டு திருவிழாவுக்குச் சென்றபோது மணியைக் கேட்டோம். அவர் தரையைப் பார்த்தபடி, “சாமி போனபிறகு அது என் வீட்டில் தங்கவில்லை. பங்கு வீட்டு வாசலிலேயே கிடந்தது. ஒரு நாள் லாரி அடித்துவிட்டது” என்றார். மேற்கொண்டு நாமும் கேட்கவில்லை. ஆசையோடு வளர்த்ததை மட்டும் நினைவில் வைத்து, கைவிட்டதை ‘ஒப்படைத்தோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பெயர் எதுவாயினும் செயல் ஒன்றுதானே?

ஆகையால், நாய் வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள்.

முதலாவது, குடும்பம் முழுவதும் ஒருநாள் இரவு உணவுக்குப்பின் உட்கார்ந்து கணக்கெழுதுங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும். மாதம் எவ்வளவு, யார் நடத்திச் செல்வது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, வீட்டுக்காரரின் சம்மதம் உண்டா என ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் முதியோர் மருந்துக்கும் ஒதுக்கிய பணத்தைக் குறைத்தால்தான் இது இயலுமென்றால், இப்போது வேண்டாம் என்பதே நல்ல முடிவு. விலங்குகளிடம் இரக்கம் காட்டக் கற்பிக்கும் திருச்சபையின் மறைக்கல்வி, மனிதர் துயர்தீர்க்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவது தகாது என்றும் சேர்த்தே கற்பிக்கிறது.

இரண்டாவது, நாயைப் பரிசுப் பொருளாக்காதீர்கள். புதுநன்மைக்கும் பிறந்தநாளுக்கும் கொடுக்க வேறு எத்தனையோ பொருள்கள் உண்டு.

மூன்றாவது, வளர்ப்பதென்று துணிந்தால் நாட்டுக்குட்டியை எடுங்கள். ஊசியும் கருத்தடையும் தவறாமல் செய்யுங்கள்.

நான்காவது, இடையில் இயலாமற் போனால் இரவோடு இரவாகக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். வெளிப்படையாகக் கேளுங்கள், இயன்ற குடும்பம் ஒன்று பங்கிலேயே இருக்கும். கேட்பதில் வெட்கமில்லை. எடுத்துக்கொள்பவரின் நிலையையும் விசாரித்துக் கொடுங்கள்.

அந்தத் தாயின் கணவருக்கு இப்போது வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வீடு அதே மாடி வீடுதான். நாயைத் திரும்ப அழைத்துச் செல்ல வழியில்லை. ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் அவர்கள் மகன் ஏரிக்கரைவரை லக்கியை நடத்திச் செல்கிறான். தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கிய முட்டைகளை ஒரு காகிதப் பையில் கொண்டு வருகிறான். அவனைக் கண்டதும் அது துள்ளுவதைப் பார்க்க வேண்டும். அவன் திரும்பிப் போகும்போது அது மறுபடியும் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொள்வதையும் பார்க்க வேண்டும்.

தோபித்து ஆகமத்தில், இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது அவனது நாயும் உடன் சென்றது. திரும்பி வரும்போதும் உடன் வந்தது. நமக்கும் அடுத்த மாற்றல் கடிதம் தொலைவில் இல்லை. இம்முறை ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கின்றோம். நம் புத்தகப் பெட்டிகளோடு ஒரு சங்கிலியும் எவர்சில்வர் தட்டும் வண்டியில் ஏறும்.