902 வெற்றி... ஒரு பையனின் கழுத்து! கூடைப்பந்து கோச் பாப் நைட் சரிந்த கதை

அமெரிக்காவில் உள்ள இண்டியானா மாநிலத்தில் கூடைப்பந்து என்றால் உயிர். அந்த மாநில பல்கலைக்கழக அணிக்கு 29 வருஷம் தலைமை கோச்சாக இருந்தவர் பாப் நைட்.

கோப்பை மேல் கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். கூடவே கெட்ட வார்த்தையில் திட்டினார், நாற்காலியைத் தூக்கி வீசினார், வீரரின் கழுத்தைப் பிடித்தார். கடைசியில் ஒரு மாணவனின் கையைப் பிடித்த விவகாரத்தில் வேலை பறிபோனது.

2023 நவம்பர் 1-ந்தேதி 83 வயதில் அவர் இறந்துவிட்டார். சண்டை மட்டும் ஓயவில்லை. "கண்டிப்பான வாத்தியார்" என்கிறது ஒரு கூட்டம். "கை ஓங்குற முரடர்" என்கிறது இன்னொரு கூட்டம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இத்தனை வருஷமும் அவரை ஏன் யாரும் தட்டிக் கேட்கவில்லை?

24 வயசில் தலைமை கோச்

நைட் ஓஹியோ மாநிலத்துக்காரர். 1960-ல் தேசிய சாம்பியன் ஆன ஓஹியோ ஸ்டேட் அணியில் மாற்று ஆட்டக்காரர். 1965-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி அணிக்கு தலைமை கோச் ஆனபோது வயசு 24-தான்.

1971-ல் இண்டியானாவுக்கு வந்தார். 1976, 1981, 1987 என 3 தடவை தேசிய சாம்பியன். அதிலும் 1976-ல் ஆடிய 32 ஆட்டத்திலும் வெற்றி. ஒரு தோல்வி கூட இல்லை. ஆண்கள் கல்லூரி கூடைப்பந்தில் அதற்குப் பிறகு 2025 வரை எந்த அணியும் இப்படி தோற்காமல் கோப்பையைத் தூக்கியது கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கும் அவர்தான் கோச். மைக்கேல் ஜோர்டான் ஆடிய அந்த அணி தங்கம் வென்றது.

கோச் வைத்ததே சட்டம்

நம்ம ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் ஒரு கோப்பை, ஒரு குரூப் போட்டோவோடு முடிந்துவிடும். அங்கே அப்படி இல்லை. இண்டியானா அரங்கில் சுமார் 17 ஆயிரம் பேர் உட்காரலாம். டிக்கெட், டி.வி. உரிமை, நன்கொடை என்று பணம் கொட்டும்.

ஆனால் விளையாடுற பையனுக்கு அந்தக் காலத்தில் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு, சாப்பாடு, தங்க இடம். அவ்வளவுதான். யாரை களத்தில் இறக்குவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது எல்லாம் கோச் கையில். பிடிக்கவில்லை என்று வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருஷம் ஆடாமல் காத்திருக்கணும். அப்புறம் எந்தப் பையன் வாய் திறப்பான்?

புகாருக்கு மேல் புகார்

1979-ல் பியூர்ட்டோ ரிக்கோவில் பான் அமெரிக்கன் விளையாட்டு நடந்தது. அமெரிக்க அணிக்கு கோச்சாகப் போன நைட், போலீஸ்காரரை அடித்ததாக கைதானார். அவர் ஊர் திரும்பிய பிறகு, அவர் இல்லாமலேயே அங்கே கோர்ட்டு 6 மாத சிறைத் தண்டனை விதித்தது. ஒரு நாள்கூட அவர் சிறைக்குப் போகவில்லை. இண்டியானா வேலைக்கும் ஆபத்து வரவில்லை.

1985 பிப்ரவரி 23-ந்தேதி பர்டூ அணியுடன் ஆட்டம். நடுவர் மீது கோபம் தலைக்கேற, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து மைதானத்தின் குறுக்கே வீசினார். தண்டனை, ஒரு ஆட்டம் தடை.

1993-ல் தன் அணியில் ஆடிய சொந்த மகனையே ஆட்டத்தின் நடுவே திட்டி உதைத்ததாக சர்ச்சை. அதற்கும் ஒரு ஆட்டம்தான் தடை.

சிக்க வைத்த வீடியோ

நீல் ரீட் என்ற வீரர் 1997-ல் இண்டியானா அணியை விட்டு விலகினார். பயிற்சியின்போது நைட் தன் கழுத்தை நெரித்தார் என்று 2000 மார்ச்சில் டி.வி.யில் சொன்னார். நைட் மறுத்தார். பலரும் ரீட்டைத்தான் பொய்யர் என்றார்கள்.

அடுத்த மாதமே சி.என்.என். டி.வி.யில் பயிற்சி வீடியோ ஒளிபரப்பானது. நைட்டின் கை ரீட்டின் கழுத்தில்! ஓரிரு விநாடிதான். ஆனால் ஊரே பார்த்துவிட்டது.

2000 மே மாதம் பல்கலைக்கழக தலைவர் மைல்ஸ் பிராண்ட் 3 ஆட்டம் தடையும் 30 ஆயிரம் டாலர் அபராதமும் போட்டார். "இனி ஒரு தப்பு நடந்தாலும் வேலை காலி" என்பது நிபந்தனை.

நாலு மாசம் தாங்கவில்லை. செப்டம்பரில் ஒரு முதலாம் ஆண்டு மாணவன் மரியாதை இல்லாமல் "நைட்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். கோச் அவன் கையைப் பிடித்து புத்தி சொன்னார். பிடித்து இழுத்துத் திட்டினார் என்றான் மாணவன். மரியாதையைத்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றார் நைட். செப்டம்பர் 10-ந்தேதி டிஸ்மிஸ்!

கோச் மீது கோபம் திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பிராண்ட் வீட்டை நோக்கி ஊர்வலம் போனார்கள். கொடும்பாவி எரிந்தது. கையைப் பிடிக்கப்பட்ட மாணவனுக்கு மிரட்டல் வந்தது.

இன்னொரு முகம்

நைட்டை கும்பிட்டவர்களுக்கும் காரணம் இருந்தது. காசு கொடுத்து வீரர்களை இழுக்கும் முறைகேட்டில் அவர் அணி சிக்கியது இல்லை. படிக்காத வீரருக்கு ஆட இடம் இல்லை.

1981 சாம்பியன் அணியில் ஆடிய லாண்டன் டர்னர் அதே வருஷம் கார் விபத்தில் நடக்க முடியாமல் போனார். அவர் சிகிச்சைக்கு முன்னால் நின்று நிதி திரட்டியவர் நைட். 2001-ல் டெக்சாஸ் டெக் அணிக்குப் போன பிறகு, ஒரு சீசன் சரியாக அமையவில்லை என்று தன் 2½ லட்சம் டாலர் சம்பளத்தையே திருப்பிக் கொடுத்தார்.

2008 பிப்ரவரியில் சீசன் நடுவிலேயே விலகினார். அப்போது மொத்தம் 902 வெற்றி, ஆண்கள் முதல்நிலை கல்லூரி கோச்களில் அதுதான் சாதனை. 2011-ல் அதை முறியடித்தவர், வெஸ்ட் பாயிண்ட்டில் நைட்டிடம் ஆடிய அவரது சிஷ்யர் மைக் ஷெஷெவ்ஸ்கி.

ஜெயிச்சா தப்பு தெரியாதா?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 1987-க்குப் பிறகு நைட்டுக்கு கோப்பை இல்லை. 1995 முதல் 2000 வரை 6 தேசிய போட்டிகளில் 4-ல் இண்டியானா முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்துக்கும் துணிச்சல் வந்தது. கோப்பை வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு ஆட்டம் தடை போதும் என்று இருந்தவர்கள்தான் அவர்கள்.

அடிச்சாத்தான் பையன் உருப்படுவான் என்று சொல்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் யு.சி.எல்.ஏ. கோச் ஜான் வுடன் 10 தடவை சாம்பியன் ஆனார். சுருட்டிய பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். கை ஓங்காமலும் ஜெயிக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

டிஸ்மிஸ் ஆகி 19 வருஷத்துக்கு மேல் இண்டியானா அரங்கில் நைட் கால் வைக்கவில்லை. 2020 பிப்ரவரி 8-ந்தேதி வந்தார். பழைய வீரர்கள் சூழ்ந்து நின்றார்கள். மொத்த அரங்கமும் எழுந்து கை தட்டியது.

அந்த நாளைப் பார்க்க நீல் ரீட் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில் ஆசிரியராகவும் கோச்சாகவும் வேலை பார்த்த அவர், 2012-ல் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 36. அவருக்காக அந்த அரங்கம் எழுந்து நின்றதே இல்லை.