பத்தாவது 'ஏ'வா, பத்தாவது 'எஃப்'பா?

அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பெற்றோர்களின் பேச்சே மாறிவிடும். ஃபீஸ் எவ்வளவு, வேன் வருமா, போன வருஷம் எத்தனை சென்டம்... சி.பி.எஸ்.இ.யா ஸ்டேட் போர்டா என்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "உங்க ஸ்கூல்ல செக்ஷன் எப்படிப் பிரிக்கிறீங்க?"

என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். நன்றாகப் படிக்கிறவர், சுமாராகப் படிக்கிறவர், தட்டுத் தடுமாறிப் படிக்கிறவர் எல்லோரையும் ஒரே வகுப்பில் கலந்து உட்காரவைக்கிற பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள் என்பது என் கட்சி. "அப்போ நல்லாப் படிக்கிற பிள்ளை கெட்டுப் போயிடாதா?" என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

இந்தப் பிரிவினை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பல தனியார் பள்ளிகளில் எட்டாவது வரை பெயர் வரிசைப்படியோ, எடுத்த மொழிப்பாடத்தை வைத்தோ செக்ஷன் போடுவார்கள். ஒன்பதாவது முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மார்க் லிஸ்ட்டை மேலிருந்து கீழே வரிசைப்படுத்தி, முதல் நாற்பது பேர் 'ஏ', அடுத்த நாற்பது பேர் 'பி' என்று வெட்டிக்கொண்டே போவார்கள். இப்போது சில இடங்களில் இந்த வெட்டு ஆறாவதிலேயே தொடங்கிவிடுகிறது. நுழைவுத் தேர்வுக்கான ஃபவுண்டேஷன் பேட்ச் என்று கொஞ்சம் கௌரவமான பெயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாமே) கடைசி செக்ஷன் 'எஃப்'. 'ஏ'வுக்கு இருபது வருஷ அனுபவமுள்ள கணக்கு சார். 'எஃப்'புக்கு அந்த ஜூனில் புதிதாகச் சேர்ந்த டீச்சர், பாவம். 'ஏ'வில் புத்தகத்துக்குள்ளே இருந்து எங்கே வேண்டுமானாலும் கேள்வி வரும் என்று பயிற்சி நடக்கும். 'எஃப்'பில் ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுப்பார்கள். அதற்குப் பெயர் 'மினிமம் மெட்டீரியல்'. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வரைபடத்துக்கு 8 மார்க், செய்முறை வடிவியலுக்கு 8 மார்க். ஆக 16 கையில். தேர்ச்சிக்கு 35 போதும். மீதி 19ஐ எங்கே பொறுக்குவது என்பதுதான் வருஷம் முழுக்கப் பாடத்திட்டம்! 'எஃப்'பில் இருந்த என் நண்பன் ஒருவன் வட்டத்துக்குத் தொடுகோட்டை அச்சடித்த மாதிரி வரைவான். அது ஏன் ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர அங்கே நேரமும் ஒதுக்கப்படவில்லை.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். "அவங்க லெவலுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடுக்கத்தான் பிரிக்கிறோம்" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஆறாம் வகுப்பு பின்னக் கணக்கே தடுமாறுகிற பையனுக்கு யாராவது உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுத்தார்களா? இல்லை. அதே பத்தாம் வகுப்புப் புத்தகம்தான், அதே பரீட்சைதான். அதில் கால்வாசியைக் கிழித்து அவனிடம் கொடுத்தார்கள். அவன் லெவலுக்கு யாரும் இறங்கி வரவே இல்லை.

எதிர்த்தரப்பின் பலமான ஆதாரத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். எஸ்தர் டூஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் மூவரும் கென்யாவில் சுமார் 120 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஆய்வுக் கட்டுரை 2011ல் வந்தது. (இவர்களில் டூஃப்லோவும் கிரெமரும் 2019ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.) சில பள்ளிகளில் முதல் வகுப்பை மார்க் பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள், மற்றவற்றில் கலந்தே பிரித்தார்கள். மார்க் பார்த்துப் பிரித்த பள்ளிகளில் மேல் செக்ஷன், கீழ் செக்ஷன் இரண்டுமே கூடுதலாக முன்னேறின. ஆக, பிரிப்பது தப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அங்கே எந்த செக்ஷனுக்கு எந்த ஆசிரியர் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்தார்கள். நல்ல டீச்சரை மேல் செக்ஷனுக்கு ஒதுக்கவில்லை. கீழ் செக்ஷன் ஆசிரியர் அந்தக் குழந்தைகள் நிற்கிற இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்க முடிந்தது. தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும் பொதுத்தேர்வு என்ற கத்தி ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கிடையாது. இந்த மூன்றும் நம் பத்தாவது 'எஃப்'பில் இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரித்து வைக்காமலே அவரவர் இடத்திலிருந்து சொல்லித்தர முடியுமா என்றால், முடியும் என்று செய்து காட்டியதும் இதே சென்னைதான். 2003ல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது செயல்வழிக் கற்றல். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் உருவான முறையைப் பார்த்துக் கொண்டுவந்தது. 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு இல்லை, பாய்தான். முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரையான குழந்தைகள் ஒரே அறையில். ஒவ்வொரு பாடத்தையும் ஏணிப்படியாகப் பிரித்து, படிக்கு ஒரு அட்டை. நேற்று விட்ட படியிலிருந்து இன்றைக்கு ஏறலாம். காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்ட பிள்ளை திரும்பி வந்தால் வகுப்பு அவளை விட்டுவிட்டுப் போயிருக்காது. ஆசிரியர்களுக்கு இதில் குறைகளும் இருந்தன. எழுத்து வேலை அதிகம், அட்டைகளை வரிசையாக முடிப்பதே சடங்காகிவிட்டது என்றார்கள். நியாயமான குறைதான். 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒரே அறைக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. எவ்வளவு அழகான பெயர்கள் பாருங்கள். அரும்பு மொட்டாகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. 'எஃப்' என்ன ஆகும்?

ஆறாவதைத் தாண்டினால் இந்த அக்கறை மெல்ல ஆவியாகிவிடுகிறது. காரணம் ஒன்றும் ரகசியமில்லை, ரிசல்ட். பத்தாவது, பன்னிரண்டாவதில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை 2017லேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் பேனர் நின்றதா? கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் குழந்தைகளைத் தனியாகப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனால் மார்க்கை வைத்துப் பிரித்தால், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத, டியூஷனுக்குப் பணமில்லாத அந்தப் பிள்ளைகளில் பலர் எந்த செக்ஷனில் போய் நிற்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய புத்திசாலித்தனம் தேவையில்லை.

இன்னொரு வேடிக்கை. கலந்த வகுப்புக்கு அடையாறை விடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் உண்டா என்பதே சந்தேகம். மரியா மாண்டிசோரி 1939ல் இங்கே பிரம்மஞான சபைக்குத்தான் வந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நடுவில் உலகப்போர் வந்துவிட, 1946 வரை இந்தியாவில்தான் இருந்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில், அவரவர் வேகத்தில் என்பது அவருடைய முறையின் அடிப்படை. அதற்கும் முன்னால், 1894லேயே கர்னல் ஓல்காட், வேறு பள்ளிகள் வாசலில் நிறுத்திய தலித் குழந்தைகளுக்காக இதே பகுதியில் இலவசப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு அடையாறில் 'மாண்டிசோரி' என்று போர்டு போட்ட மழலையர் பள்ளிகள் தெருவுக்குத் தெரு. நான்கு வயதில் கலந்து உட்கார்ந்தால் நல்லது, பதினான்கு வயதில் கலந்து உட்கார்ந்தால் ஆபத்து என்று நாமாக முடிவு செய்திருக்கிறோம் போல.

சரி, நல்லாப் படிக்கிற பிள்ளை விஷயம். பின்லாந்தில் 1985ல் கணக்கு, அயல்மொழிப் பாடங்களிலும் திறமை பார்த்துப் பிரிப்பதை எடுத்துவிட்டார்கள். 2000ல் நடந்த முதல் பிசா தேர்வில் வாசிப்பில் முதலிடம் அந்த நாட்டுக்கு. அதற்கு நல்ல ஆசிரியர் பயிற்சி முதல் பல காரணங்கள் உண்டு, பிரிக்காததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிரிக்காததால் நாசமாகிவிடவில்லை என்று மட்டும் சொல்லலாம். சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள், நம்மவர்கள் நிறையப் பேர் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஊர். பல்லாண்டுகளாக எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிள்ளைகளைப் பிரித்த நாடு. 2024ல் உயர்நிலை முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களிலிருந்து அதை நிறுத்திவிட்டது. இப்போது வகுப்பு கலந்தது. கணக்கு, மொழி மாதிரி பாடங்களை மட்டும் அவரவருக்கு ஏற்ற நிலையில் எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் கணக்கில் மேல் நிலையிலும் ஆங்கிலத்தில் கீழ் நிலையிலும் இருக்கலாம். 'எஃப்' செக்ஷனில் இருக்கிறவன் உடற்பயிற்சி பீரியடிலும் 'எஃப்'தான், காலைக் கூட்டத்திலும் 'எஃப்'தான், நம் ஊரில்.

அதனால்தான் அரசுப் பள்ளிகளில் 2025ல் வந்த 'திறன்' மாதிரி, அடிப்படையில் பின்தங்கியவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தரும் ஏற்பாட்டை நான் எதிர்க்கமாட்டேன். ஒரு பாடத்துக்காக, கொஞ்ச காலம், திரும்பி வர வழியோடு பிரிப்பது வேறு. ஆளையே பிரிப்பது வேறு.

வேகமான பிள்ளைக்குக் கலந்த வகுப்பில் சலிப்பு வரும் என்பது உண்மை. நானும் கடைசி பெஞ்சில் ராக்கெட் விட்டிருக்கிறேன். அதற்கு மருந்து அதே அறையில் அவனுக்கு இன்னும் கஷ்டமான கணக்கைக் கொடுப்பது. நாற்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் ஒரு டீச்சரால் அது முடியாது என்பதும் உண்மை. ஆகவே 'நாங்க பிரிக்கிறதில்லை' என்ற பதிலோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். பிரிக்காமல், நடுவில் இருக்கிறவனுக்கு மட்டும் பாடம் நடத்தி இரண்டு ஓரத்தையும் விட்டுவிடுகிற பள்ளிகளும் ஏராளம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா மகளை ஆறாவதில் சேர்க்க அலைகிறார். "நீ இப்பதானே ஸ்கூல் முடிச்ச, என்னடா கேக்கணும்?" என்றார். வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள் அக்கா, ஒன்பதாவதில் செக்ஷன் மாற்றுவார்களா என்று கேளுங்கள், போன வருஷம் ஒன்பதாவதோடு எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்தார்கள் என்று கேளுங்கள் (முறைப்பார்கள், பரவாயில்லை) என்றேன். முடிந்தால் ஒரு கணக்கு பீரியடை ஜன்னல் வழியாகப் பாருங்கள், எல்லா நோட்டிலும் ஒரே கணக்கா இருக்கிறது என்று. கூடவே, பத்தாவதின் கடைசி செக்ஷனுக்கு யார் கணக்கு எடுக்கிறார், அவர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று.

ஆறு பள்ளிகளில் கேட்டிருக்கிறார். நான்கில் "நல்லாப் படிச்சா ஏ செக்ஷன் கிடைக்கும் மேடம், கவலைப்படாதீங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றில் பதிலே இல்லை. பிரிக்காத ஒரே பள்ளியில் வகுப்புக்கு முப்பத்தைந்து பேர், ஆனால் வேன் கிடையாது. மத்திய கைலாஷ் சிக்னலைத் தாண்டி இரண்டு பஸ் மாற வேண்டும். அக்கா இப்போது பஸ் டைமிங் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.