ஓடாத காருக்கு ரெண்டு கோடி

ஜாகுவார் எக்ஸ்ஜே13 என்று ஒரு கார். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். பிரான்ஸில் நடக்கும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடுவதற்காக 1966-ல் பிறந்தது. ஐந்து லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். ஆனால் வண்டி தயாராவதற்குள் போட்டி எங்கேயோ போய்விட்டது. போர்வை போட்டு மூடிவிட்டார்கள். 1971-ல் ஒரு புது மாடலின் அறிமுகப் படத்துக்காக வெளியே எடுத்து ஓட்டியபோது சக்கரம் உடைந்து, உருண்டு நொறுங்கியது. ஓட்டிய நார்மன் டூயிஸ் பிழைத்துக்கொண்டார். காரைத் திரும்பக் கட்டினார்கள். ஆக, ஒரு பந்தயத்தில்கூடக் கலந்துகொள்ளாத பந்தயக் கார் அது.

அதை விற்றார்கள். விலை இரண்டு கோடி. பயப்படாதீர்கள், ரூபாய் இல்லை. பிளேஸ்டேஷனில் ஆடும் ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற ரேஸ் கேமுக்குள் புழங்கும் கிரெடிட்.

உங்கள் வீட்டில் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். இல்லாதவர்களுக்கு இரண்டு வரி: கையில் கொஞ்சம் கிரெடிட் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார்கள். ஒரு சின்ன கார் வாங்கி, ரேஸ் ஓடி, ஜெயித்து, பரிசுப் பணத்தில் பெரிய கார் வாங்க வேண்டும். அவ்வளவுதான். 1997-ல் முதல் ஆட்டம் வந்தபோது கையில் 10,000 கிரெடிட். அதில் ஒரு பழைய காரை வாங்கி, டயர் மாற்றி, சைலன்சர் மாற்றி முதல் கோப்பையை வாங்கும்போது வரும் பெருமை இருக்கிறதே... அந்தப் பெருமைக்காகத்தான் உலகமே இந்த ஆட்டத்தைக் கொண்டாடியது.

ஏமாற்றம் தரும் கார்கள் இதில் எப்போதுமே உண்டு. நான்காவது ஆட்டத்தில் 1886-ம் வருஷத்து டைம்லர் வண்டி ஒன்று இருந்தது. குதிரை வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும். ஜெர்மனியின் நர்பர்க்ரிங் பாதையில் ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். அதை இந்த வண்டியில் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிரித்துவிட்டுப் போகலாம். அதில் மோசடி இல்லை.

2010-ல் வந்த ஐந்தாவது ஆட்டத்தில் கொஞ்சம் தில்லுமுல்லு தொடங்கியது. ‘ஆயிரத்துக்கும் மேல் கார்கள்’ என்றார்கள். அதில் ஏறத்தாழ 200 மட்டுமே புதிதாக வரைந்தவை. மீதி எல்லாம் பழைய பிளேஸ்டேஷன் 2 சரக்கு. டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கலாம் என்று பட்டனைத் தட்டினால், அந்தக் கார்களுக்கு ஸ்டீயரிங்கும் இல்லை, டாஷ்போர்டும் இல்லை. ஒரே ஸ்கைலைன் காரை வருஷம் மாற்றி, வால் மாற்றிப் பல தடவை எண்ணியிருந்தார்கள். இட்லி, மினி இட்லி, பொடி இட்லி என்று மெனுவை நீட்டுவது போல.

அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அடுத்து வந்தது.

2013-ல் ஆறாவது ஆட்டம் கிரெடிட்டை நிஜக் காசுக்கு விற்கத் தொடங்கியது. அந்த எக்ஸ்ஜே13-ஐக் காசு கொடுத்து வாங்கினால் 100 பவுண்டுக்கும் மேல். ஆட்டத்தின் விலையைப் போல இரண்டு மடங்கு! அதே வருஷம் எக்ஸ்பாக்ஸில் வந்த ‘ஃபோர்ஸா 5’-லும் இதே கூத்து. ஆட்கள் சத்தம் போட்டதும் அங்கே கார் விலையைக் குறைத்தார்கள்.

2022 மார்ச்சில் ஏழாவது ஆட்டம் வந்தது. 20 லட்சம் கிரெடிட்டுக்கு 20 டாலர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒரு அப்டேட் போட்டுப் பல ரேஸ்களின் பரிசுப் பணத்தைக் குறைத்தார்கள். அந்த அப்டேட்டும் சொதப்பி, 30 மணி நேரத்துக்கும் மேலாக சர்வர் படுத்துவிட்டது. தனியாக ஆடுவதற்கே இன்டர்நெட் கேட்கும் ஆட்டம் இது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாங்கிய காரை விற்கும் வசதியும் அப்போது இல்லை. பிடிக்காவிட்டாலும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். அந்த வசதி வருஷக் கடைசியில்தான் வந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்து நிமிஷ ரேஸ் ஒன்றுக்கு 50,000 கிரெடிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடி சேர்க்க 400 ரேஸ். அதாவது 66 மணி நேரம் 40 நிமிஷம். தினம் ஒரு மணி நேரம் ஆடினாலும் இரண்டு மாதத்துக்கு மேல். அதுவும் எது அதிகமாகக் கொடுக்கிறதோ அந்த ஒரே ரேஸை, அதே வளைவு, அதே பாலம் என்று செக்குமாடு மாதிரி. இல்லையென்றால் 200 டாலர் எடுத்து வையுங்கள்.

சரி, வாங்கியாச்சு. ஓட்ட வேண்டாமா? 2022-ல் இந்த விலை உயர்ந்த பழங்காலக் கார்களுக்குத் தோதான ரேஸ்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சாதாரணக் கார்களோடு ஓடினால் இது அநியாய வேகம். இன்றைய ரேஸ் கார்களோடு ஓடினால் கடைசி இடம். காராஜில் நிறுத்தி, பளபளவென்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பீரோவில் மடித்து வைத்த கல்யாணப் பட்டு மாதிரி. யானையை விலைக்கு வாங்கிய பிறகு, அதை நிறுத்தத் தெருவே இல்லை என்கிற கதை.

ஆட்டத்தை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி அப்போது ஒரு விளக்கம் கொடுத்தார். கார்களின் மதிப்பையும் அபூர்வத்தையும் உணர்த்தவே நிஜ விலையை ஒட்டி விலை வைத்திருப்பதாக. பழைய கார்களுக்கு ஹேகர்ட்டி என்ற நிஜ நிறுவனத்தின் மதிப்பீட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கார்மீது அந்த மனிதருக்கு உள்ள காதலையும் நான் சந்தேகப்படவில்லை.

ஆனால் சார், நிஜ எக்ஸ்ஜே13 அபூர்வம், ஏனென்றால் இரும்பும் அலுமினியமும் மனிதக் கையும் சேர்ந்து ஒன்றுதான் செய்தார்கள். திரையில் இருப்பது கம்ப்யூட்டர் ஃபைல். கோடிப் பேருக்குக் கொடுத்தாலும் ஒன்று குறையாது. அதற்குப் போய் ‘ஸ்டாக் கொஞ்சம்தான்’, ‘விற்றுத் தீர்ந்தது’ என்று போர்டு மாட்டுவது எந்த ஊர் நியாயம்? ஃபைல் எப்படிங்க தீரும்?

இன்னொன்று. உழைத்துச் சேர்த்தால்தான் காரின் அருமை தெரியும் என்பது உங்கள் கொள்கையா? நல்ல கொள்கை. அப்புறம் பக்கத்திலேயே எதற்குக் கல்லாப்பெட்டி? 200 டாலர் கொடுத்தவனுக்கு மட்டும் அருமை உடனே புரிந்துவிடுமா? கடினமான ஆட்டம் செய்வது ஒரு கலை. ஆட்டத்தை அலுப்பாக்கி, அந்த அலுப்பிலிருந்து தப்பிக்க டிக்கெட் விற்பது வியாபாரம். கொசுவை வளர்ப்பவரே கொசுவர்த்தியும் விற்கிற வியாபாரம்.

‘வேண்டாம் என்றால் வாங்காதே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?’ என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்கு அது சரி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் சின்னப் பையன்களும் உண்டு. இல்லாத பற்றாக்குறையைக் காட்டி, ‘இன்னும் சில நாளில் போய்விடும்’ என்று அவர்களைப் பதறவைத்து, பதற்றத்தில் பர்ஸைத் திறக்கப் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கம் ஆட்டத்தோடு நிற்காது. நாளைக்கு அதே பையன் தவணையில் நிஜக் கார் வாங்கப் போவான்.

சத்தம் போட்டால் பலன் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் ஆட்டக்காரர்கள் கொதித்ததும் பத்து லட்சம் கிரெடிட் சமாதானமாக வந்தது. ஏப்ரலில் பரிசுப் பணத்தை உயர்த்தினார்கள். அதனால் வீட்டில் பிள்ளை உங்கள் கிரெடிட் கார்டைக் கேட்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: “இந்தக் காரை எந்த ரேஸ்ல ஓட்டப் போறே? எத்தனை தடவை?”

பதில் வரவில்லையென்றால், ஆட்டத்தின் தொடக்கத்தில் கிடைக்குமே மாஸ்டா டெமியோ, அந்தக் குட்டிக் காரை எடுக்கச் சொல்லுங்கள். மெதுவாகத்தான் போகும். ஆனால், போகும்.