சூடான இன்ஜின் ஏன் அடம்பிடிக்கிறது?

மேட்டுப்பாளையத்துப் பழைய டாக்சி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். குன்னூர் மலைப்பாதையில் அம்பாசிடர் நின்றுவிட்டால், பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும்; ஆவியை பம்ப்பால் தள்ள முடியாது. 'வேப்பர் லாக்' என்பார்கள்.

பயிற்சி பைலட்டுகள் ஓட்டும் செஸ்னா 172எஸ் விமானத்துக்கும் இதே தலைவலி உண்டு. அதன் 180 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்தான். ஆனால், இன்றைய பைக்குகளில் இருப்பதுபோல் கணக்குப் போட கம்ப்யூட்டர் கிடையாது. பைலட்டின் கைதான் கம்ப்யூட்டர்!

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கூடுதலாக ஊட்ட வேண்டும். மிக்சரைத் திறந்து, மின்பம்ப்பைச் சில நொடிகள் ஓடவிட்டு, மிக்சரை மூடி, பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்றுவார்கள். இன்ஜின் பற்றியதும் மிக்சரை முன்னே தள்ள வேண்டும்.

இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கதையே வேறு. இன்ஜின் நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடுகிறது. சிலிண்டர் சூடு மேலே ஏறி, அங்குள்ள மெல்லிய பெட்ரோல் குழாய்களை வேகவைக்கும். அப்போது முதலில் ஊட்டும் வேலையே கூடாது. உள்ளே மிச்சமிருப்பதே போதும். மூடிய மிக்சரோடு சுற்ற வேண்டும், பற்றியதும் திறக்க வேண்டும்.

பதறிப்போய்த் திரும்பத் திரும்ப ஊட்டினால் பெட்ரோல் வழியும், தீயும் பிடிக்கலாம். அப்போதும் ஸ்டார்ட்டரை விடக் கூடாது என்பதுதான் ஆச்சர்யம்! சுற்றிக்கொண்டே இருந்தால், தீ இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டுவிடும்.