இரும்பு தெவிட்டினால் மோட்டார் எரியும்

மும்பைப் புறநகர் ரயிலில் 1500 வோல்ட் நேர்மின்சாரம் 2016-ஆம் ஆண்டோடு விடைபெற்றது. அந்தக் காலத்து வண்டிகளை இழுத்தவை சீரிஸ் மோட்டார்கள். மின்னோட்டம் இரு மடங்கானால் முறுக்குவிசை நான்கு மடங்காகும் என்பது அவற்றின் ஏட்டுக் கணக்கு. காலை நெரிசலில் வண்டி கிளம்பும்போது அந்தக் கணக்கு பலிக்காது. இரும்புக்கும் ஒரு வயிறு உண்டு. காந்தப்பாய்வு அடர்த்தி ஏறத்தாழ ஒன்றரை டெஸ்லாவைத் தாண்டியதும் அது தெவிட்டத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் காந்தம் சொற்பமே ஏறும். செம்புக் கம்பியின் சூடுதான் மிகும்.

இதைக் கணினியில் கணக்கிட வழிகாட்டியவர்களில் முக்கியமானவர்கள் பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும். மோட்டாரின் குறுக்குவெட்டைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரும்பின் நிலையைத் திரும்பத் திரும்பத் திருத்திக் காணும் முறையை 1970-இல் வெளியிட்டார்கள். ரோட்டர் சற்றே நகர்ந்தாலும் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும் என்பதுதான் இதில் சங்கடம். ஆகவே பொறியாளர்கள் சிக்கனம் தேடினார்கள். எல்லாத் துருவங்களும் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றை மட்டும் கணக்கிடலாம். பல மின்னோட்டங்களுக்கும் பல கோணங்களுக்கும் காந்தப்பாய்வை ஒரே முறை கண்டு அட்டவணையாக வைத்துக்கொண்டால், பிறகு மோட்டாரின் ஓட்டத்தை அதிலிருந்தே நொடியில் பார்க்கலாம். (பேரிங் தேய்ந்து ரோட்டர் ஒரு பக்கம் சாய்ந்த மோட்டாருக்கு இந்தக் குறுக்குவழி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாசாரம் என்று ஒதுக்குவது தவறு. ரீவைண்டிங் பட்டறையில் செம்பை மிச்சம் பிடிக்கச் சுற்றுகளைக் குறைக்கச் சொல்கிறார் முதலாளி. சுற்று குறைந்தால், அதே வோல்ட்டுக்குக் காந்தப்பாய்வு கூடும், இரும்பு தெவிட்டும், சுமையே இல்லாமலும் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும். நாளைக்கு அது எரிந்தால் பழி யார் தலையில்? சுற்றிய தொழிலாளி தலையில்தான்! எத்தனை சுற்றைக் குறைத்தால் ஆபத்து என்று முன்கூட்டியே காட்டும் கணக்கு அவன் கையில் இருந்தால் முதலாளியிடம் துணிந்து பேசலாம்.

இக்கணக்கைப் போடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரணக் கணினி போதும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் காயில் சுற்றக் கற்றுத்தரும் அதே வகுப்பில் இதையும் கற்றுத்தரட்டும். தமிழர் சங்கங்கள் நடத்தும் மாலை வகுப்புகளில் தட்டச்சுக்குத் தந்த இடத்தில் பாதியை இதற்குத் தந்தாலும் போதும்.