ஆய்வேடுகள் சொல்லாத ஒரு எண்: காஃபீனும் இதயக் கால்சியமும்

ஈஜிபுராவின் தர்ஷினி வாசலில் நின்றபடி ‘பை டூ’ காபி அருந்துபவரின் இதயத் தசையணுக்களில் கால்சியக் கிடங்கு உடைந்து கொட்டுவதில்லை. கொட்டுவதாக எழுதும் ஆய்வேடுகளுக்கோ குறைவில்லை. ‘காஃபீன் ரையனோடின் ஏற்பியைத் திறக்கிறது, சார்கோபிளாச வலையிலிருந்து கால்சியம் வெளியேறுகிறது, ஆகவே காபி இதயத் துடிப்பைக் குலைக்கிறது.’ இக்கருத்து ஓர் ஆய்வேட்டின் அறிமுக இயலிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவண்ணம் உள்ளது. முதலிரு கூற்றுகளும் மெய். ‘ஆகவே’ என்பதற்குத்தான் ஆதாரமில்லை.

கால்சியமே கால்சியத்தை விடுவிக்கும் நிகழ்வை மகோதோ எண்டோ குழுவினர் 1970இல் எலும்புத்தசை இழைகளில் காட்டியபோதே காஃபீன் அவர்களுக்குக் கருவியாக இருந்தது. இன்றைய இதய ஆய்வகங்களிலும் அது கருவியே. தனித்த தசையணுவின்மீது 10 மில்லிமோலார் காஃபீன் சட்டென்று செலுத்தப்படுகிறது. ஏற்பியின் கால்சிய உணர்திறன் மிகுந்து, ஓய்வுநிலைக் கால்சியத்துக்கே அது திறந்துகொள்கிறது, கிடங்கு காலியாகிறது. வெளிவந்ததைச் சோடியம்–கால்சியம் பரிமாற்றி அணுவுக்கு வெளியே தள்ளும்போது எழும் மின்னோட்டத்தைத் தொகையிட்டால் கிடங்கின் இருப்பு தெரியும். கிணற்றின் கொள்ளளவை அறிய நீரை முழுதும் இறைப்பது போன்ற உத்தி இது. இறைத்த எந்திரத்தைக் காட்டி வறட்சியின் காரணத்தைக் கண்டுவிட்டதாக அறிவிப்பவரை எவரும் நீரியல் அறிஞர் என்பதில்லை.

பள்ளிக் கணக்கு ஒன்று போதும். காஃபீனின் மூலக்கூறு எடை 194. எழுபது கிலோ எடையுள்ளவரின் உடல்நீர் ஏறத்தாழ 42 லிட்டர். அதில் 10 மில்லிமோலார் செறிவை எட்ட 80 கிராம் காஃபீன் வேண்டும். குவளைக்கு 100 மில்லிகிராம் என்று தாராளமாகவே கொண்டாலும் (சிக்கரி கலந்த தூளுக்கு இது மிகை) 800 குவளைகள். பத்து கிராம் அளவிலேயே உயிர் போய்விடும் என்பது வேறு செய்தி. ஒரு குவளை தருவதோ சுமார் 12 மைக்ரோமோலார். அந்தச் செறிவில் காஃபீனின் முதன்மை இலக்கு அடினோசின் ஏற்பிகள், ரையனோடின் ஏற்பியன்று.

இதனால் காபி இதயத்தைத் தீண்டுவதே இல்லை என்றாகாது. கிரகரி மார்க்கஸ் குழுவினர் 2023இல் வெளியிட்ட, நூறு பேர் பங்கேற்ற சீரற்ற ஆய்வில் மேலறை முந்துதுடிப்புகள் காபி நாட்களில் 58, காபியற்ற நாட்களில் 53. வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. கீழறை முந்துதுடிப்புகளோ 154, 102. அந்த உயர்வுக்கு விளக்கம் தேவை. ஆனால் அதற்கு 10 மில்லிமோலார் பதிவுகள் சாட்சியாகா. குடிப்பவரின் குருதியில் உள்ள செறிவில் செய்த சோதனையே சாட்சி. ரையனோடின் ஏற்பி மரபணுவிலேயே பிறழ்வு கொண்டு, உணர்ச்சிப் பெருக்கிலும் உடலுழைப்பிலும் ஆபத்தான துடிப்புக் குலைவுக்கு ஆளாகும் நோயாளிகளின் நிலை வேறு. அவர்களிடம் மருத்துவர் காட்டும் எச்சரிக்கை நியாயமானதே. அவர்களது கசியும் ஏற்பியை ஊரார் அனைவரின் மார்பிலும் பொருத்திப் பார்க்கும் ஆய்வேட்டிடம் வாய்மொழித் தேர்வில் கேட்கவேண்டிய முதற்கேள்வி: எத்தனை மோலார்?